சி ஷார்ப்பைத் தேடிய மத்தியானம்

காலையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட என் மகள் மத்தியானம் ஆகியும் திறக்கவில்லை. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருஷம். மறுநாள் ப்ராஜெக்ட்டைக் காட்ட வேண்டும், அது ஓடவில்லை. போன செமஸ்டரில் அவள் தோழி ஒருத்தி இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

"சி ஷார்ப்ல டேட்டாபேஸ் கனெக்ட் ஆக மாட்டேங்குதும்மா. உனக்குப் புரியாது. என்னை விடு."

அதோடு உள்ளேயிருந்து பேச்சு நின்றது. அவள் அப்பா கதவில் சாய்ந்து உட்கார்ந்து, எதையாவது பேசிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. நான் பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் நான். தேடும் பெட்டியில் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, மகளின் கஷ்டத்தை முழுக்க ஆங்கிலத்தில் அடித்தேன். கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மனுவா எழுதிகினு கீற? அந்தாண்ட ஆளே கெடையாது. ரெண்டே வார்த்தை போடு."

சி ஷார்ப் என்று எழுத்துக்கூட்டிப் போட்டேன். அது ஒரு சுரத்தின் பெயரும்கூடவாம், பியானோ பாடம் வந்தது. 'சி' போட்டு, பக்கத்தில் அவள் நோட்டில் பார்த்திருந்த, வேலி மாதிரியான # குறியைப் போட்டேன். குறியைக் கண்டுகொள்ளாமல், வெறும் 'சி'க்கான பக்கங்களை அது கொட்டியது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கணினிப் பாடமாகத் தெரிந்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, தாள்களைக் கதவுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். உள்ளே சத்தமே இல்லை. "பாப்பா, பாரும்மா" என்றேன்.

தாழ்ப்பாள் விலகியது.

"அம்மா, இது சி. நான் கேட்டது சி ஷார்ப். வேற லாங்குவேஜ்." முகம் வீங்கியிருந்தது. "இவ்ளோத்தையும் பிரிண்ட் எடுத்தியா? லூசாம்மா நீ?"

அவள் அப்பா எழுந்திருக்கவில்லை. கதவு மறுபடி மூடாதபடி காலை மட்டும் இடுக்கில் நீட்டினார்.

ப்ராஜெக்ட் மறுநாளும் ஓடவில்லை. அடுத்த வருஷம்தான் முடித்தாள். அந்தத் தாழ்ப்பாளை நான் அன்று மாலையே கழற்றிவிட்டேன். இன்றும் எந்த வீட்டிலாவது யாராவது உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால், அது திரும்பத் திறக்கும்வரை என் காது அங்கேயே இருக்கிறது.