இடது ஓரத்தில் விழுந்த மூன்று கோல்கள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டத்தின் வீடியோ வந்து சேர்ந்தது. தோற்றுவிட்டோம் என்பது முந்தைய நாள் மாலையே எனக்குத் தெரியும். சொந்த மைதானத்தில், பட்டியலில் கடைசியில் கிடந்த அணியிடம், மூன்றுக்குப் பூஜ்யம்.

நான் ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப்புக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். கிளப் இருப்பது தொலைவில் ஒரு பெரிய நகரத்தில். அங்கே இரண்டே முறைதான் போயிருக்கிறேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், மைதானம் முழுவதும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி உயரத்திலிருந்து எடுத்த வீடியோவை எனக்கு அனுப்புவார்கள். யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தார், எங்கே இழந்தார், எந்த நேரத்தில் எவர் எங்கே நின்றார் என்று நிமிடம் நிமிடமாகக் குறிக்க வேண்டும். பயிற்சியாளர் கேட்கிற இடங்களைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்ப வேண்டும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டின் பின்அறையில், துணி மடிக்கிற மேசைக்குப் பக்கத்தில் நடக்கிற வேலை இது. அக்கம்பக்கத்தில் கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லி முடித்துவிடுவேன்.

வீடியோவுடன் ஒரு செய்தியும் வந்திருந்தது. எனக்கு மேலே இருக்கும் தலைமை அனலிஸ்ட் அனுப்பியது. அவர் கோயம்புத்தூர்க்காரர், சுருக்கமாகத்தான் எழுதுவார். “லெஃப்ட் பேக் செய்த தவறுகள் எல்லாம் வேண்டும். திங்கள் காலைக்குள். கோச் கேட்கிறார்.”

லெஃப்ட் பேக் என்றால் இடது ஓரத்தைக் காக்கிறவர். மூன்று கோல்களும் அவர் பக்கமாகத்தான் வந்திருந்தன. மலைநாட்டு மாநிலம் ஒன்றிலிருந்து வந்த ஆட்டக்காரர், கிளப்பில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கைபேசியில் ரசிகர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரியில் படிக்கும்போது நானும் அதே இடத்தில்தான் ஆடினேன். முழங்கால் போனதோடு அது முடிந்தது. அதனாலோ என்னவோ, அந்த இடத்தில் ஆடுகிறவர்களை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பேன்.

முதல் கோலை ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்தேன். எதிரணிக்காரர் பந்தோடு வருகிறார். நம் ஆள் முன்னேறிப் போய் மறிக்கலாம், அல்லது பின்வாங்கி இடத்தைக் காக்கலாம். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் கோல் விழுந்திருக்காது. அவர் இரண்டையும் செய்யவில்லை. அரை நொடி அப்படியே நின்றார். பந்து அவரைத் தாண்டிவிட்டது. இரண்டாவது கோலிலும் அதேதான். மூன்றாவதிலும். முதல் பாதியிலோ அவர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. களைப்பு என்று சொல்லலாம்தான். ஆனால் முதல் கோல் விழுந்தது இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்திலேயே.

பதினோரு மணிக்கு என் கணவர் எழுந்து வந்தார். துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி இறக்கும் கிரேனை ஓட்டுகிறவர் அவர். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கியிருந்தார். கால்பந்து நடக்கிற ஊரான தருவைகுளத்தில் பிறந்தும் அதில் அவருக்கு ஒட்டுதல் கிடையாது. காப்பி டம்ளரோடு என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“ஏளா, சத்தத்தக் கூட்டு. ஒண்ணும் கேக்கல.”

“இதுல சத்தம் கிடையாதுங்க. மேல நின்னு கேமரா பிடிக்கவரு பேசுதது எல்லாம் பதிஞ்சிரும்னு ஆஃப் பண்ணிருவாங்க.”

“அப்ப இத்தன வருசமா சத்தம் இல்லாமலா பாக்குத?”

“எங்களுக்கு நிக்கிற இடந்தான் முக்கியம்.”

அவர் விடவில்லை. “சரி, இவன் ஏன் தலையத் திருப்புதான்?”

நான் பார்க்கவில்லை. என் கண் முழுவதும் கால்களில் இருந்திருக்கிறது. மறுபடி ஓட்டினேன். லெஃப்ட் பேக் நின்ற அந்த அரை நொடியில் தலையைத் தன் வலது பக்கம் திருப்புகிறார். அங்கே நிற்பது நடுவில் காக்கிற ஆள், ஸ்டாப்பர் என்போம். இரண்டாவது கோலிலும் திரும்புகிறார். மூன்றாவதிலும்.

“கீழ நிக்கவன் சொல்லுதது வாக்கிடாக்கியில கேக்கலன்னா நானும் இப்படித்தான் குனிஞ்சி எட்டிப் பாப்பேன்,” என்றார் கணவர். “அவனுக்கு என்னமோ கேக்கல.”

டிவியில் ஒளிபரப்பான ஆட்டத்தைத் தேடி எடுத்து ஒலியோடு போட்டேன். இடைவேளைக்குப் பிறகு வருகிற பகுதி. ஸ்பீக்கரில் மேளம் இடித்தது. கிளப்பின் ரசிகர் கூட்டம் ஒன்று உண்டு. ஆட்டம் முழுக்க நின்றபடியே டிரம் அடித்துப் பாடுவார்கள். எப்போதும் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரியில்தான் நிற்பார்கள். அன்று அங்கே ஏதோ பராமரிப்பு வேலை. அவர்களைப் பக்கவாட்டு கேலரிக்கு மாற்றியிருந்தார்கள். முதல் பாதியில் அந்த கேலரிக்குக் கீழே ஆடியவர் நம் வலது ஓரக்காரர். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறியபின் அங்கே வந்தவர் இடது ஓரக்காரர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பு சிலிர்க்கவும் செய்தது. நம் அணிக்காக அடித்த மேளத்தால் நம் அணி தோற்றதா? அப்படியானால் முதல் பாதியில் வலது ஓரக்காரர் மட்டும் ஏன் தடுமாறவில்லை? அவருக்கும் காதுக்குப் பக்கத்தில் அதே மேளம்தானே.

“ஊருக்குப் போவமா?” என்றார் கணவர். “ஞாயித்துக்கிழம தம்பி கிரவுண்டுலதான் இருப்பான். மேளத்த அடிச்சிப் பாத்துருவோம்.”

அவர் தம்பி தருவைகுளம் அணியின் ஸ்டாப்பர். வாரத்தில் ஆறு நாள் கடலுக்குப் போவார், ஞாயிறு மாலை மைதானத்தில் இருப்பார். பைக்கில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு இருக்கும். கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்ததால் பேண்டு செட்டுக்காரர்கள் மைதானத்தை ஒட்டி, பள்ளிக்கூட நிழலில் பழகிக்கொண்டிருந்தார்கள். கணவர் அவர்களிடம் போய் என்ன சொன்னாரோ, நான்கு டிரம்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்து இடது கோட்டோரம் வரிசையாக நின்றார்கள்.

நான் கொழுந்தனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் பந்தோடு வர வேண்டும். லெஃப்ட் பேக் மறிக்க வேண்டுமா, பின்வாங்க வேண்டுமா என்று ஸ்டாப்பர் குரல் கொடுக்க வேண்டும். முதலில் மேளம் இல்லாமல், பிறகு மேளத்தோடு.

“மைனி, தோத்தது உங்க டீமு. எங்கள ஏன் போட்டு ஓட விடுதீய?” என்று கேட்டாலும் போய் நின்றார்.

மேளம் இல்லாமல் எல்லாம் சரியாக நடந்தது. பிறகு டிரம் அதிர்ந்தது. மைதானத்தில் நின்ற எனக்கே பக்கத்தில் கணவர் பேசுவது கேட்கவில்லை. பந்து வந்தது. தருவைகுளத்து லெஃப்ட் பேக் தலையைத் திருப்பாமல் சரியாக முன்னேறி மறித்தார். மறுமுறை சரியாகப் பின்வாங்கினார். எத்தனை தடவை செய்தாலும் ஒரு பிசகும் இல்லை.

எனக்கு முகம் தொங்கிப் போயிற்று. டிரம்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொழுந்தனிடம் போனேன்.

“அவருக்கு எப்படிக் கேக்குது?”

“எங்க கேட்டான்? நான் கத்தவே இல்லயே.”

“கத்தலையா?”

“கத்துனா மட்டும் கேக்கவா போவுது? பத்து வருசமா ஒண்ணா ஆடுதோம் மைனி. நான் ஒரு எட்டு முன்னால வச்சா அவன் போவான். வைக்கலன்னா நிப்பான். இதுக்கு எதுக்குச் சத்தம்?”

லெஃப்ட் பேக் தூரத்திலிருந்து என்னவென்று கேட்டார். சொன்னதும் அவருக்கே ஆச்சரியம். “அப்படியா செய்யுதேன்?” என்றார்.

பிறகுதான் கணவர் அதைச் சொன்னார். “இவனுவள விடு. புதுசா ஒருத்தனப் போட்டுப் பாரு.”

கீழவைப்பாரிலிருந்து ஒருவர் நண்பரைப் பார்க்க வந்து கோட்டோரம் உட்கார்ந்திருந்தார். தன் ஊர் அணியில் அவரும் லெஃப்ட் பேக்தான், நல்ல ஆட்டக்காரர் என்றார்கள். அவரை இறக்கினோம். மேளம் இல்லாதபோது குரல் கேட்டு அழகாக ஆடினார். டிரம் அடிக்கத் தொடங்கியதும் முதல் பந்திலேயே நின்றார். தலை வலது பக்கம் திரும்பியது. பந்து தாண்டிவிட்டது. நான் வீடியோவில் பார்த்த அதே அரை நொடி, மணல் மைதானத்தில், வேறொரு உடம்பில். என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். பாவம், அவர் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து முறைத்தார்.

“கைய வச்சிக் காட்டுல தம்பி,” என்று கணவர் அங்கிருந்தே கத்தினார். “துறைமுகத்துல வாக்கிடாக்கி கேக்கலன்னா கைதான்.”

கொழுந்தன் கையைக் காட்டினார். அதற்கும் பலன் இல்லை.

“கையப் பாக்கணும்னாலும் திரும்பணும்லா அண்ணாச்சி,” என்றார் கீழவைப்பார்க்காரர் மூச்சு வாங்கியபடி. “பந்தப் பாப்பனா, இவரப் பாப்பனா?”

கடைசியில் ஸ்டாப்பரும் அவரும் மணலில் குந்தி உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினார்கள். எதிரி கோட்டோரமாக வந்தால் போ, உள்ளே வெட்டினால் நில், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி ஏதோ ஒப்பந்தம். பிறகு எழுந்து ஆடியபோது பாதிக்கு மேல் சரியாக வந்தது. அதற்குள் டிரம்காரர்களுக்குக் கை வலித்து அவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கேட்ட துண்டுகளை வெட்டினேன். ஒவ்வொன்றையும் தவறு நடப்பதற்கு ஆறு நொடி முன்பாகத் தொடங்கினேன், தலை திரும்புவது தெரிய வேண்டும் என்று. கூடவே ஒரு பக்கக் குறிப்பும் எழுதினேன். வலது ஓரக்காரரும் அவர் பக்கத்து ஸ்டாப்பரும் பல பருவங்களாகச் சேர்ந்து ஆடுகிறவர்கள், அவர்களுக்குக் குரல் தேவைப்படவில்லை. இடது பக்க ஜோடிக்குக் குரலை விட்டால் வேறு எதுவும் இல்லை, அன்று அந்தக் குரலும் போய்விட்டது. இவ்வளவுதான் குறிப்பு. யாரும் கேட்காத குறிப்பு என்பதால் அனுப்புகிற பொத்தானை அழுத்த நேரம் பிடித்தது.

திங்கள் காலை தலைமை அனலிஸ்ட் கூப்பிட்டார்.

“மேடம், மேளத்தப் பத்தி எழுதியிருக்கீங்க. இதக் கோச்கிட்ட கொண்டு போனா என்னப் பாத்துத்தான் சிரிப்பாங்க.”

“மேளத்தப் பத்தி இல்ல சார். அந்த ரெண்டு பேரப் பத்தி.”

“துணைக் கோச்சுக்கு அனுப்பி வைக்கிறேன். படிப்பாரான்னு தெரியாது,” என்றார்.

அணிக் கூட்டத்தில் என் துண்டுகளைப் போட்டுக் காட்டியதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நேரம் இல்லையென்று முன்னால் இருந்த ஆறு நொடிகளை நறுக்கிவிட்டார்களாம். அந்த நொடிகள் இல்லாவிட்டால் திரையில் தெரிவது, மலைத்துப் போய் நிற்கிற ஓர் ஆள் மட்டும்தான்.

அடுத்த ஆட்டத்தில் லெஃப்ட் பேக்கை வெளியே உட்கார வைத்தார்கள். வெளியூர் ஆட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி.

“அப்ப அவன்தான் காரணமோ?” என்று கணவர் கேட்டார்.

லெஃப்ட் பேக்குக்குப் பதிலாக ஆடியவர் அதே ஸ்டாப்பரோடு மூன்று பருவம் சேர்ந்து ஆடியவர். அந்த வெற்றி கிளப்பில் சொன்னதற்கும் பொருந்தியது, நான் எழுதியதற்கும் பொருந்தியது. அன்றைக்கு அந்த மைதானத்தில் மேளமும் கிடையாது. எதை வைத்து எதைத் தீர்மானிப்பது? நாள் முழுக்க அதையே யோசித்துச் சாம்பாரில் உப்பு போட மறந்தேன்.

மூன்று வாரம் கழித்து வேறு ஏதோ விஷயமாகத் தலைமை அனலிஸ்ட் கூப்பிட்டார். வைக்கப் போகும்போது, “ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்,” என்றார். “வெளியூர் போறப்ப ஹோட்டல்ல உங்க லெஃப்ட் பேக்கையும் அந்த ஸ்டாப்பரையும் ஒரே ரூம்ல போட்டிருக்காங்க. துணைக் கோச் சொன்னாராம்.”

“என் குறிப்பப் படிச்சாரா சார்?”

“தெரியலைங்க. கேட்டேன், சிரிச்சார்.”

மைதானத்தில் கத்துகிற நாலு இங்கிலீஷ் வார்த்தைகளைத் தவிர இரண்டு பேருக்கும் பொதுவான மொழி கிடையாது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் என்ன பேசியிருப்பார்கள்? மேசையில் தண்ணீர்ப் பாட்டில்களை வைத்து இது நீ, இது நான் என்று நகர்த்திக் காட்டியிருப்பார்களா? இல்லை, ஆளுக்கொரு கைபேசியில் வீட்டோடு பேசிவிட்டுத் திரும்பிப் படுத்தார்களா? ஒரு வாரம் அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிலாக ஆடியவருக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டதால் லெஃப்ட் பேக் மறுபடி உள்ளே வந்தார். சொந்த மைதானம். டிரம் அடிக்கிற ரசிகர்கள் இன்னும் பக்கவாட்டு கேலரியில்தான். அந்த ஆட்டத்தை நானும் கணவரும் டிவியில் பார்த்தோம். இரண்டாம் பாதி முழுக்க நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அவர் தலையை மட்டும்தான் பார்த்தேன். இரண்டு முறை திரும்பினார். மற்ற நேரமெல்லாம் ஸ்டாப்பர் ஓரடி வைக்க, இவர் போனார். ஒருமுறை பந்தைப் பறித்து வெளியே அடித்ததும் ஸ்டாப்பர் ஓடி வந்து அவர் முதுகில் ஓங்கித் தட்டினார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கோல் விழுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று மறுபடியும் தோற்றோம்.

வலது ஓரத்திலிருந்து வந்த கோல் அது. பல பருவங்களாகச் சேர்ந்து ஆடுகிற, குரலே தேவைப்படாத அந்த ஜோடி இருக்கிற பக்கம்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “இப்ப இது எதனால?” என்றார்.

மறுநாள் காலை வீடியோ வந்ததும் அவரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.