எத்தனை சாரம் கழுவினீங்க?

சந்திரகாந்தாவை நான் முதன்முதலில் சந்தித்த அன்றே அவரோடு சண்டை பிடித்தேன். என் குணம் அப்படி. பல்லேபொலயில் வாடகைக்கு வேன் ஓட்டுகிறவன் நான், பாதி நாள் வீதியில் யாரோடாவது வாய்த்தகராறுதான். ஆனால் அன்றைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. என் மூத்த சகோதரர் இத்ரூஸ் நானாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். வெட்டி எடுத்தும், ஒரு வருடம் மருந்து ஏற்றியும், அது ஈரலுக்குப் பரவிவிட்டது. கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் பெரிய டொக்டர் எங்களை உட்காரவைத்து, வழமையான மருந்துகள் இனிப் பலன் தரா, விழுங்குகிற புதிய குளிசை ஒன்று பரிசோதனையில் இருக்கிறது, விருப்பமென்றால் சேரலாம் என்றார். அதை விளக்கிச் சொல்லத்தான் சந்திரகாந்தா வந்தார். முப்பத்தெட்டு வயதிருக்கும், மெலிந்த உடம்பு, கையில் பதினாறு பக்கச் சம்மதத் தாள்.

“எங்கட நானாவ எலியாக்கப் போறீங்களா?” என்று கேட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. “எலிக்கு வேணாம்னு சொல்ல முடியாதுங்க. நானாவுக்கு முடியும். இன்னைக்கும் முடியும், கையெழுத்து வச்ச பொறகு நாளைக்கும் முடியும்.”

நானாவோ பேனையை எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று தேடத் தொடங்கிவிட்டார். சந்திரகாந்தா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மொதல்ல நான் சொன்னத நீங்க திருப்பிச் சொல்லுங்க நானா.”

நாற்பது வருடமாக மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற மனிதர். ஒரு மணியைக் கடித்துப் பார்த்தே ஈரம் இவ்வளவு என்று சொல்லிவிடுவார். அவரைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்புவிக்கச் சொன்னதில் எனக்கு மறுபடியும் எரிச்சல். நானா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இந்தக் குளிசையால சுகமாகும்” என்றார்.

“நான் அப்படிச் சொல்லலைங்க. கட்டி சுருங்கலாம், சுருங்காமலும் போகலாம். தெரியாது. தெரியாததாலதான் பாக்குறோம்.”

மூன்றாம் தடவைதான் நானா சரியாகச் சொன்னார். அன்று பின்னேரம் முழுக்க அதிலேயே போயிற்று. எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. திரும்பி வரும்போது வேனில் நானா சிரித்துக்கொண்டே, “அல்லாஹ்ட சோதனை ஒரு பக்கம், இவங்கட சோதனை ஒரு பக்கம். ரெண்டுலயும் பாஸாக ஏலுமா பாப்போம்” என்றார்.

இந்தச் சந்திரகாந்தா யாரென்று பின்னால்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தகப்பன் அழகமுத்து இன்றும் அங்கேதான் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் முடித்துவிட்டு மாத்தளை டவுனில் ஒரு போன் கம்பனியின் முறைப்பாட்டு மேசையில் ஏழு வருடம் இருந்திருக்கிறார். மூன்று மொழியும் தெரிந்த ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து இந்த மருந்துப் பரிசோதனை வேலைக்கு வந்தவர். தினமும் விடியற்காலை மாத்தளையிலிருந்து கண்டிக்குப் பஸ். தாதி இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எங்கள் ஆட்கள் ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் திருத்துவதை விட்டுவிட்டார்.

“போன்ல சிக்னல் இல்லைன்னா ஒரு மணி நேரம் ஏசுவாங்க” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். “அதே ஆளு வயித்துல ரத்தம் போனா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. எனக்கு அந்தப் போன் கம்பனி வேலைதான் லேசு.”

குளிசை தொடங்கிய பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்குப் போன் எடுப்பார். தாளில் உள்ள கேள்வி: போன கிழமை எப்படி, ஏதாவது கஷ்டம் இருந்ததா? நானாவின் பதிலும் ஒன்றேதான்: “அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஈக்கிறேன் மிஸ்ஸி.”

எங்கள் ஆட்களிடம் சுகம் விசாரித்தால் வேறு என்ன பதில் வரும்? கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறவனும் முதலில் அதைத்தான் சொல்வான். அது இறைவனுக்குச் சொல்கிற நன்றி. அதை மருத்துவத் தாளில் இறக்கினால், ‘கஷ்டம் எதுவும் இல்லை’ என்று ஆகிவிடுகிறது. இந்த ஓட்டையைக் கண்டுகொள்ள எங்கள் யாருக்கும் புத்தி போகவில்லை. உண்மையைச் சொன்னால், நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் இருந்த பெரிய கட்டி சுருங்கியிருந்தது. மதினி நூருன்னிஸா அன்று அழுத அழுகை வீதிக்குக் கேட்டிருக்கும். அதற்கு அடுத்த கிழமை நானாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. சாதாரண ஓட்டமல்ல. உள்ளங்கால் தோலும் உரிந்தது. மிஸ்ஸியிடம் சொல்லவா என்று நானா என்னைக் கேட்டார்.

“செல்லிராதீங்க நானா. குளிசைய நிப்பாட்டிருவாங்க” என்றேன்.

பதினாறு பக்கத்தில் என் மண்டையில் ஏறியிருந்தது அந்த ஒன்றுதான்: கடுமையான பக்கவிளைவு வந்தால் மருந்து நிறுத்தப்படும். சுருங்குகிற கட்டியைப் பார்த்த பிறகு குளிசையை விட யாருக்கு மனம் வரும்? மதினியையும் தனியே கூப்பிட்டு, மிஸ்ஸி கேட்டால் வயிற்றைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். நான்கு செவ்வாய்க்கிழமை அப்படியே கழிந்தது. நானா மெலிந்துகொண்டே போனார், பதில் மாறவில்லை.

ஐந்தாம் செவ்வாய் போன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மிளகு இறங்குகிற காலம். மற்ற நாட்களில் அந்த நேரத்தில் கடையில் நானாவின் பின்னால் தராசுச் சத்தமும் பேரம் பேசுகிற சத்தமும் கேட்கும். அன்று கட்டிலில் படுத்துக்கொண்டே, “அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஈக்கிறேன்” என்றார்.

“கடைக்குப் போகலையா நானா?”

“லேசா அலுப்பு. அவ்வளவுதான்.”

பிறகு, “அக்காகிட்ட போன குடுங்களேன்” என்றார் சந்திரகாந்தா.

மதினி என்னைப் பார்த்தபடியே வாங்கினார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். ஸ்பீக்கரில் அந்தக் குரல் நிதானமாக வந்தது. “அக்கா, இன்னைக்கு எத்தனை சாரம் கழுவினீங்க?”

“விடிஞ்சதுலேருந்து ஏழு” என்றார் மதினி.

வயிற்றைப் பற்றி மட்டும்தானே நான் தடுத்திருந்தேன், நானா இடுப்பில் கட்டுகிற சாரத்தைத் துவைப்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே. நான் தலையில் கையை வைத்தேன். சந்திரகாந்தா என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். நானா எழுந்து நிற்கிறாரா, சிறுநீர் கடைசியாக எப்போது போனது என்றெல்லாம் விசாரித்தார். நேற்றுப் பகலுக்குப் பிறகு போகவில்லை என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

“இப்பவே கூட்டிட்டு வாங்க.”

“கூட்டிட்டு வந்தா மருந்த நிப்பாட்டுவீங்க.”

“நிப்பாட்டுவோம். ஆள் இருந்தாத்தானே மருந்து.”

நான் கத்தினேன். அந்தக் கட்டி சுருங்கியதை நீங்களும்தானே பார்த்தீர்கள், உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் இப்படிச் சொல்வீர்களா என்று ஏதேதோ கேட்டேன். வாயில் வந்த இரண்டொரு வார்த்தையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஏசி முடிச்சீங்கன்னா வேன ஸ்டார்ட் பண்ணுங்க. சத்தம் கேக்குற வரைக்கும் நான் போன வைக்க மாட்டேன்” என்றார். வைக்கவும் இல்லை.

கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சக்கர நாற்காலியோடு நின்றார். நானாவின் சிறுநீரகம் இரண்டும் களைத்துப்போயிருந்தன. இன்னொரு நாள் தாமதித்திருந்தால் கொண்டுவந்து பயனிருந்திருக்காது என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அவரிடம் நான் வாயாடவில்லை.

மூன்றாம் நாள் சந்திரகாந்தா நானாவின் தாள்கள் அடங்கிய கோவையோடு கட்டிலருகே வந்தார். நானாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எழுதாதீங்க மகள். இந்தக் குளிசைதான் எனக்கு உசிரு” என்றார். என் நானா யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

“எழுதுவேன் நானா” என்றார் சந்திரகாந்தா. கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “இந்த அளவு ஒரு பிரச்சினையும் தரலைன்னு நாலு கிழமையா என் கையால எழுதியிருக்கேன். அத நம்பி இன்னொருத்தருக்கும் இதே அளவு குடுப்பாங்க. அவரு வீட்டுல சாரம் கழுவ ஆளே இல்லைன்னா?”

நானா அவர் கையை விட்டார். அப்புறம், “அப்ப அந்த நாலு கிழமையும் பொய்யா ஈக்கே. அத அழிங்க” என்றார்.

“அழிக்கக் கூடாதுங்க. பழசு தெரியிற மாதிரி ஒத்தக் கோடு போட்டு, பக்கத்துல சரியானத எழுதணும். எழுதின ஆளும் திகதியும் இருக்கணும்.”

அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு கிழமையாக நானா நினைவுபடுத்திச் சொன்னார், மறந்த இடத்தில் மதினி சாரக் கணக்கு சொன்னார். என் பங்கையும் நானே சொன்னேன், சொல்லாதே என்று தடுத்தவன் நான்தான் என்று. அதையும் எழுதுவாரென்று நினைத்தேன். “தாள்ல அதுக்குக் கட்டம் இல்லைங்க” என்றார். நான் தப்பினேன்.

மருந்தை நிறுத்தினார்கள்தான். மூன்று கிழமைக்குப் பிறகு அளவைக் குறைத்து மறுபடியும் தொடங்கினார்கள். நிறுத்துவது என்றால் அடியோடு விடுவதல்ல, குறைத்தும் கொடுக்கலாம் என்பது தாளின் ஒன்பதாம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அதை அவர் வாசித்த நேரம் நான் பசியில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு சந்திரகாந்தா தாளிலுள்ள கேள்வியைக் கேட்டுவிட்டு, கூடவே தன்னுடையதையும் கேட்டார். நானாவிடம், விடியற்காலை சுபஹுவை நின்று தொழுதீர்களா கதிரையில் உட்கார்ந்தா என்பார். வேறு நோயாளிகளின் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை, கேள்விகளை மட்டும் எனக்குச் சொல்வார். கொழுந்து பறிக்கிற பெண்ணிடம், கூடைக் கயிறு வழுக்காமல் பிடிக்க முடிகிறதா. சீகிரியாப் பக்கத்து ஆட்டோக்காரரிடம், சவாரி பாதியில் எத்தனை தடவை நிறுத்தினீர்கள். டொக்டர்மார் அதைக் கவனித்து, புதிதாக வருகிறவர்களிடமும் அப்படிக் கேட்கச் சொன்னார்களாம். இதைப் படித்து எந்தப் பட்டமும் வாங்கியவரல்ல அவர். மனிதர்கள் வாயால் மறைப்பதைக் கையும் காலும் மறைக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணைப் போலக் கேட்கத் தெரிந்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குறைத்த அளவில் குளிசை பதினொரு மாதம் கட்டியை அடக்கிவைத்தது. நானா அந்த வருட மிளகு முழுவதையும் தன் கையாலேயே வாங்கினார். பிறகு ஸ்கேனில் புதிய கட்டிகள் தெரிந்தன. பரிசோதனையிலிருந்து விலக வேண்டும் என்பதைச் சந்திரகாந்தா சுற்றி வளைக்காமல் சொன்னார். நானா அவருக்கு ஒரு பை கராம்பு கொண்டுபோயிருந்தார். வாங்கிக்கொள்ள விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார், நானா கோபித்துக்கொண்டார்.

அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒரு போன். விலகியவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதை மட்டும் கேட்டு எழுத வேண்டுமாம். முதல் தடவை நானாவே எடுத்து, “ஈக்கிறேன், எழுதிக்கோங்க” என்றார்.

இரண்டாம் தடவை, வேனில் போய்க்கொண்டிருந்தபோது, நான் எடுத்தேன். நானா மௌத்தாகி, அடக்கம் செய்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. திகதி கேட்டார், சொன்னேன். வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்று கேட்டார், வீட்டில் என்றேன். எழுதுகிற சத்தம் கேட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“கடைசியில வலி இருந்துச்சுங்களா?”

“அதுவும் தாள்ல ஈக்கா?”

“இல்லைங்க. இது நான் கேக்குறது.”

ஜனாஸாவுக்கு வந்த அத்தனை பேரிடமும், நானா சுகமாகப் போனார் என்றுதான் சொல்லியிருந்தேன். பள்ளிவாசலிலும் அப்படித்தான் சொன்னேன், தூரத்திலிருந்து போன் எடுத்த சொந்தங்களிடமும் அப்படித்தான். மதினிகூட என் முன்னால் அதையே சொல்லப் பழகியிருந்தார்.

“இருந்திச்சு மிஸ்ஸி” என்றேன். “ரெண்டு நாள். பொறுக்க ஏலாத வலி.”

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. வேனை ஓரமாக நிறுத்திக்கொண்டு அந்த இரண்டு நாளையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.