அமாவாசையன்று அசையாத முள்

கல்லூரியின் பின்பக்கத்தில், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறையில், உத்தரத்திலிருந்து எஃகுக் கம்பியில் ஓர் அலுமினிய உருளை தொங்கும். ஆள் நீளம் இருக்கும், கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காது. அதன் இடுப்பில் ஒட்டியிருந்த படிகத் துண்டுகளிலிருந்து ஒயர்கள் ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து நீண்ட முள், மெல்லச் சுழலும் தாளில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில், பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த ஈர்ப்பு அலைகளைப் பிடிக்க நாங்கள் வைத்த பொறி இதுதான். நாங்கள் என்றால் எங்கள் பௌதிகப் பேராசிரியரும், அவருக்குக் கீழே லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த நானும்.

பேராசிரியர் கடலோர ஊர்க்காரர். ஊருக்கு வெளியே செவிலிமேட்டுப் பக்கம் தனியாக வீடு எடுத்துத் தங்கியிருந்தார். மதராசில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைக்கும் என்று காத்திருந்தே தலை நரைத்துவிட்டது. இந்த உருளைதான் தன்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பினார். கல்லூரி கொடுத்த பணம் பாதிக்குக்கூடக் காணவில்லை. மீதியைச் சம்பளத்திலிருந்து போட்டார். லாரிச் சத்தம், ரயில் அதிர்வு எதுவும் கலந்துவிடக் கூடாது என்று ரப்பரும் ஈயத் தகடும் மாற்றி மாற்றி அடுக்கினார். அவ்வளவு கவனமான மனிதர்.

முள் அசைந்தது. அங்கேதான் வினை ஆரம்பித்தது. பிறப்பின் அதிர்வு என்றால் எல்லாத் திசையிலிருந்தும், இரவு பகல் பார்க்காமல், ஒரே சீராக வர வேண்டும். எங்கள் முள்ளோ காலையில் எழுந்து துள்ளும், பொழுது சாய்ந்தால் தளரும், இரவில் படுத்துவிடும். பௌர்ணமியன்று வழக்கம்போல் எழுதும். அமாவாசையன்று மட்டும் நாள் முழுக்க நேர்கோடு. மாதம் தவறாமல் இப்படி. இருக்கிற கோட்பாட்டில் இதற்குப் பதில் இல்லை. ஆகவே அவர் கோட்பாட்டையே திருத்தினார். ஈர்ப்பின் வலிமையைத் தீர்மானிக்கும் இன்னொரு புலம் வெளி எங்கும் பரவியிருக்கிறது, பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் அது மிகப் பெரிதாக இருந்தது, அதில் எழுந்த அலைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன, சூரியன் அவற்றைப் பெருக்குகிறது, அமாவாசையன்று சந்திரன் நடுவில் வந்து மறைத்துவிடுகிறது. சமன்பாடுகள் அழகாக வந்தன. தப்பான சமன்பாடும் அழகாக வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் காஞ்சிபுரத்திலேயே, பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் என்ன தொழில் என்று பேராசிரியர் ஒருமுறை கேட்டபோது, "பட்டு வியாபாரம் சார்" என்றேன். எங்கள் ஊரில் கடை முதலாளியும் அதைத்தான் சொல்வார். கால்சட்டை போட்டு உத்தியோகத்துக்குப் போன எங்களைப் போன்றவர்களும் அதைத்தான் சொல்வோம். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் வந்ததில்லை.

மதராசில் ஒரு கருத்தரங்கில் அவர் கட்டுரை வாசித்தார். அந்த நிலையத்துப் பெரியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து, உங்கள் ஊரில் அமாவாசையன்று ஏதாவது மூடியிருக்குமா என்று பணிவாகக் கேட்டாள். பேராசிரியர் சிரித்துக்கொண்டே, உள்ளூர்க்காரன் என்று என் பக்கம் திரும்பினார்.

"நம்ம ஊர்ல அமாவாசைக்கு என்னப்பா மூடுவாங்க?"

அவள் கேட்ட கணமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"தறி சார். நம்ம லேபுக்குப் பின்தெரு முழுக்கத் தறிதான். அமாவாசைக்கு யாரும் தறியில கால் வைக்க மாட்டாங்க. மத்த நாள்லயும் ராத்திரி ஓடாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அப்பா தறிக்காரரு சார்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓயும்வரை பேராசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கில், "அப்படியென்றால் இது பிரபஞ்சம் இல்லை. மன்னிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தறிச் சத்தம் நான் பிறந்தது முதல் கேட்ட சத்தம். கல்லூரி வாசலில் கால் வைத்ததும் அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த நிலையத்திலிருந்து அவருக்கு அழைப்பு வரவே இல்லை. எங்கள் கல்லூரியிலேயே ஓய்வு பெற்றார். பல ஆண்டுகள் கழித்து, கருந்துளைகள் மோதி எழுந்த அலையைப் பிடித்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னபோது எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த அலை இன்னும் நேராகச் சிக்கவில்லை. ஈர்ப்புக் கோட்பாட்டைத் திருத்தும் வேலையை இன்று உலகமெங்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்கிறார்கள். அவர் தேடியது அசட்டுத்தனமான பொருள் அல்ல.

அன்று கருத்தரங்கு முடிந்து இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். காஞ்சிபுரத்தில் இறங்கியதும், "உங்க வீட்டுக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்டார்.

லேபுக்குப் பின்தெருவிலேயே இருந்த எங்கள் வீட்டில், அப்பா தறிக் குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருந்தார். பேராசிரியர் குந்தி உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்ந்தது. அப்பா பதறி எழப் பார்த்தார். நம் தறிச் சத்தம் சாருடைய மெஷினில் கலந்துவிட்டது என்று முணுமுணுத்தேன்.

"சாருக்கு எத்தினி நாள் வேணும்னு கேளுபா" என்றார் அப்பா. "தெருவுல சொல்லி நிறுத்திக்கிறோம். கூலி போனா போவுது."

"வேண்டாங்க" என்றார் பேராசிரியர். "மாசாமாசம் அமாவாசைக்கு நீங்க நிறுத்திக் கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. அன்னைக்கு வந்த வெறுங்கோடுதான் சரியான விடை. எனக்குத்தான் அது பிடிக்கல."

அப்பாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"அந்த மெஷின்ல என்னாத்தபா புடிக்கிறீங்க?"

நான் பேராசிரியர் பக்கம் திரும்பினேன். அவ்வளவு நாள் நான் பார்த்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட அப்பாவிடம் சொன்னதில்லை. சொன்னால் என்ன விளங்கப்போகிறது என்று இருந்துவிட்டேன். பேராசிரியர் என் முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. தறியில் நீட்டியிருந்த பாவு நூலின் ஓரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உலகம் உண்டான கதையை அவரே அப்பாவுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அப்பா அடுத்தடுத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில், வெளியாள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.