நாய்ச் சோற்று டின்

நாய்க்கு நான் சமைத்த சாப்பாட்டின் அளவு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. குழைய வேகவைத்த சோறு நான்கு அவுன்ஸ். உப்பில்லாமல் அவித்த ஆட்டு ஈரல் மூன்று அவுன்ஸ். பூசணியும் கீரையும் மசித்து ஒரு கைப்பிடி. முட்டை ஒன்று. முட்டை ஓட்டை வறுத்து அரைத்த பொடி அரைத் தேக்கரண்டி, அது எலும்புக்கு. மீன் எண்ணெய் சில சொட்டு. வெங்காயம் கூடாது, மிளகாய் கூடாது, கோழி எலும்பு கூடவே கூடாது. எல்லாவற்றையும் பிசைந்து ஒரு மூடி போட்ட டின்னில் அடைத்தால் அதன் இரண்டு வேளைக்கும் சரியாக வரும்.

அப்போது மலாயாவில், லூபோக் சீனாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் தாதியாக இருந்தேன். மலாக்காவில் படித்துப் பயிற்சி முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதையும் நிறுத்துப் பார்த்து எழுதி வைப்பதுதான் என் வழக்கம். ஒரே நோட்டில் முன்பக்கத்திலிருந்து கர்ப்பிணிகளின் எடை, தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து மற்றக் கணக்குகள். நாய் பின்பக்கத்தில் இருந்தது.

அது துரைசாணியின், தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் துரையின் மனைவியின், நாய். வெள்ளை, குட்டையான கால், எடை பதின்மூன்று பவுண்டு. அவர் தம் ஊருக்குப் போயிருந்தார். பங்களாச் சமையல்காரர், ஒரு நாள் குன்றின் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலாக்காவுக்குப் போய்விட்டார். துரை டின் உணவில் காலம் தள்ளினார். நாய்க்குத் தோட்டக்காரர் கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோற்றைப் போட, அதற்கு முடி கொட்டித் தோல் புண்ணாகிவிட்டது. துரை அதை ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். மனிதருக்குத்தான் வைத்தியம் தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். சாப்பாட்டைச் சரி செய்தால் தோல் சரியாகும் என்று சொன்னேன். என் படிப்பைக் காட்ட எனக்கு ஆசை. ஈரலும் முட்டையும் மலாக்காவிலிருந்து வாரம் இரண்டு முறை தோட்டத்து லாரியில் என் வீட்டு வாசலுக்கே வந்து இறங்கின.

தொழிலாளர் லயங்கள், ஆஸ்பத்திரி, என் வீடு எல்லாம் முள்வேலிக்குள் இருந்தன. பங்களாவும் ரப்பர் மரங்களும் வெளியே. வேலி வாசலைத் தாண்டி ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது என்பது அவசரகாலச் சட்டம். காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். விடிகாலையில் பெரட்டுக்கு, பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்கும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் பெண்களின் வாளியை, தலைத்துணியை, மடியைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அதன் பிறகு மத்தியானம் பால் நிறுத்து முடியும்வரை அவர்கள் வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது. முன்பெல்லாம் தூக்குச் சட்டியில் பழையது கொண்டுபோவார்களாம். அது நான் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது.

நாய் டின்னுக்கு மட்டும் துரை கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு இருந்தது. அதில் பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர். அதைக் கொண்டுபோக, பங்களாவை ஒட்டிய ரப்பர் நிரையில் மரம் வெட்டும் ஒருத்தியைக் கங்காணி ஏற்பாடு செய்தார். வாசலில் நின்ற மலாய்க் காவலர் முஸ்லிம், நாய்ச் சாப்பாட்டை எப்படித் தொடுவார்? டின்னைக் கண்டாலே மூன்று முழம் தள்ளி நின்று, "மக்கான் அஞ்சிங்கா? ஜாலான், ஜாலான்" என்று கையை வீசுவார். நாய்ச் சோறுதானே, போ, போ. திறந்து பார்க்கப்படாமல் அந்த வாசலைத் தாண்டிய சாப்பாடு அது ஒன்றுதான்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது ஐந்தாம் மாதம். என்னைவிட இரண்டு வயது பெரியவள். முதல் பிள்ளை தங்கவில்லை. புதன்கிழமை கிளினிக்கில் கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே காகிதம்போல் வெளுத்திருக்கும். நான் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும் பட்டியலை அவளுக்கும் படித்துக் காட்டினேன்: ஈரல், முட்டை, கீரை, பால்.

"மிஸ்ஸி, இந்தத் தாள கடையில நீட்டினா ஈரலு குடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கிண்டல் வேணாம். முடிஞ்சதைச் சாப்பிடு. முட்டையாவது."

"முட்டையா? எங்க லயத்துக் கோழி முட்டை போடறத நிறுத்தி நாளாச்சு மிஸ்ஸி. அதுக்கும் சத்துப் பத்தலயாம் லா."

நானும் சிரித்துவிட்டு இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

டின்னைத் தூக்க ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் அவள் எடை ஏறத் தொடங்கியது. இமையில் ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. நோட்டில் அவள் பெயருக்கு எதிரே 'முன்னேற்றம். ஆலோசனையைப் பின்பற்றுகிறாள்' என்று எழுதினேன். அந்த வரியைச் சிவப்பு மையில் வேறு கோடிட்டிருக்கிறேன்.

நாயைச் சனிக்கிழமைகளில் துரை கொண்டுவருவார். பிள்ளைகளை நிறுக்கும் தராசில் ஒரு துணியை விரித்து அதை நிறுப்பேன். தோல் ஆறிவிட்டது, முடி வளர்ந்தது. எடை மட்டும் பன்னிரண்டரை, பன்னிரண்டு என்று இறங்கியது. மாதக் கடைசியில் பதினொன்றரை. ஈரலைக் கூட்டினேன். அப்படியும் இறங்கியது. துரையோடு வந்திருந்த தோட்டக்காரரைக் கேட்டேன்.

"நா என்னம்மா செய்வேன்? வர்றதத்தான் போடறேன். டின்னு பாதிதான் இருக்கு. முட்டைய நா கண்ணால பாத்ததே இல்ல."

இதை நான் துரைக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிப் பழகிவிட்டேன், அவ்வளவுதான். துரை நாயின் காதைத் தடவிக்கொண்டே, "என் வாசல் வழியாக வெளியே போகும் சாப்பாடு என் நாய்க்கு வந்து சேரவில்லை என்றால் வேறு எங்கே போகிறது?" என்று கேட்டார். கண்டுபிடி, இல்லாவிட்டால் போலீஸ் கண்டுபிடிக்கும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

காட்டுக்குச் சோறு கொடுத்தவர்களுக்கு என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்: சிறை, இல்லாவிட்டால் நாடு கடத்தல். சீட்டில் இருந்தது என் பெயர்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு அவள் உண்மையாகவே காட்டுக்கு என்று சொல்லிவிட்டால், தெரிந்தும் சொல்லாத குற்றம் எனக்கு வந்து சேரும். பயிற்சியில், மருந்து அலமாரியில் அளவு குறைந்தால் யாரையும் குற்றம் சொல்லாதே, பூட்டை மாற்று என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் பூட்டை மாற்றினேன்.

திங்கட்கிழமை விடிகாலை பெரட்டு நடக்கும்போது நானே டின்னை வாசலுக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து காவலருக்குத் தூரத்திலிருந்தே காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மூடி, புண்ணுக்குப் போடும் பிளாஸ்டரை விளிம்பு முழுக்கச் சுற்றி ஒட்டி, இணையும் இடத்தில் பேனாவால் என் கையெழுத்தைப் போட்டேன். பிளாஸ்டர் கிழிந்திருந்தால் டின்னை வாங்க வேண்டாம் என்று தோட்டக்காரருக்கு முன்பே சொல்லியிருந்தேன். அதை அவளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வரிசையிலிருந்து ஒரு குரல்: "பாத்தியாடி, நாய்ச் சோத்துக்கு சீலு வெக்கிறாங்க."

"துரைசாணி நாயின்னா சும்மாவா லா? அடுத்த பொறப்புல நானும் அந்தப் பங்களாவுலதான் வந்து கொலைக்கப் போறேன்."

டின்னைத் தூக்குபவள் சிரிக்கவில்லை. ஒரு கையில் பால் வாளி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் டின்னை வாங்கினாள். "சரிங்க மிஸ்ஸி" என்றாள்.

நாய் அந்த வாரமே அரைப் பவுண்டு ஏறியது. துரை திருப்தியாகத் தலையசைத்தார். போலீஸ் பேச்சு போய்விட்டது. அவளையும் சேர்த்துத்தான் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. கிளினிக்குக்கு அவள் வருவது நின்றது. வராதவர்கள் பட்டியலில் மூன்று புதன்கிழமை அவள் பெயரை எழுதினேன். போய்ப் பார்க்கவில்லை.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் மரத்தடியில் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்தபோது இமை மறுபடி காகிதமாக இருந்தது, வலியும் கண்டிருந்தது. தோட்டத்து லாரியில் மலாக்காப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கூட அனுப்பும் தாளில் எடை விவரம் எழுத நோட்டை எடுத்தேன். அவசரத்தில் தலைகீழாகத் திறந்துவிட்டது. நாய்ப் பக்கம். திருப்பினேன். அவள் பக்கம். வாரங்கள் ஒன்றாக இருந்தன. நாய் இறங்கிய சனிக்கிழமைகளுக்கு அடுத்த புதன்கிழமைகளில் அவள் ஏறியிருந்தாள். ஈரலை நான் கூட்டிய வாரத்தில்தான் மிக அதிகமாக ஏறியிருந்தாள். இரண்டையும் என் கையால்தான் எழுதியிருந்தேன். ஒரு தடவைகூடச் சேர்த்துப் படிக்கவில்லை.

தாளில் எடைகளை மட்டும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'போதிய உணவின்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிளாஸ்டரில் போட்ட அதே கையெழுத்து.

குழந்தை நான்கு பவுண்டு. பெண். பிழைத்தது. அவளுக்கு இரத்தம் ஏற்றினார்களாம். ஐந்து வாரம் கழித்துத் தோட்டத்துக்குத் திரும்பி, பிள்ளையை நிறுக்க என்னிடம் கொண்டுவந்தாள். அதற்குள் துரைசாணி வந்துவிட்டிருந்தார். புதுச் சமையல்காரருக்கு என் நாய்ச் சாப்பாட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்ததாகக் கேள்வி.

தராசில் துணியை விரித்தேன். வேறு துணிதான். நாய்க்கு விரித்தது இல்லை.

"நாயி எப்படி இருக்கு மிஸ்ஸி?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"அந்த வெள்ளப் பொடி என்னாது? சோத்துல நறநறன்னு இருக்குமே."

தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "முட்டை ஓடு. எலும்புக்கு நல்லது."

"புள்ளைக்கும் நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"அப்ப சரி லா." பிள்ளையின் முழங்காலை விரலால் தட்டிப் பார்த்தாள். "கொஞ்ச நாளாச்சும் உள்ள போச்சு."

ஐந்து பவுண்டு ஒரு அவுன்ஸ் என்று எழுதினேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்தது. அதற்கு முன்னால் எதைச் சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போதே அவள் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

அன்று மாலை என் பங்கு முட்டை இரண்டை அவித்து, லூபோக் சீனாக் கடைக்காரரிடம் சொல்லி வாங்கிய ஈரலை வதக்கி, சோற்றோடு ஒரு கிண்ணத்தில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனேன். என் வீட்டுப் படியிலிருந்து அவள் வாசலுக்கு நாற்பது அடி இருக்கும். நடுவில் வேலி இல்லை, காவலர் இல்லை, சீட்டு வேண்டியதில்லை. அவள் டின்னைச் சுமந்த நாளெல்லாம் அந்த வழி இப்படித்தான் இருந்தது. நான் வேறு வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். மூடியின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"என்னா மிஸ்ஸி, பிளாஸ்டர் ஒட்டலயா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உள்ளே கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்த நாற்பது அடியையும் திரும்ப நடந்தேன். வேலை எதுவும் இருக்கவில்லை.