சுவரில் ஒட்டியிருந்த சிவப்பு

என் ஓவியங்களை அதுவரை வாங்கியவர்கள் எல்லாருமே சொந்தக்காரர்கள். நாத்தனார் ஒன்றை வாங்கிப்போய்ப் பூஜை அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்திருக்கிறாள். நான் யாரென்றே தெரியாத ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், என் படத்தைப் பார்த்து ‘இது எனக்கு வேண்டும்’ என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். அதனால் அடையாற்றில் இருக்கும், சிற்பம் செய்யும் தோழி காலையில் போன் செய்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

“ஏய், உன் படம் போயிடுச்சுடி. பக்கத்துல சிவப்பு ஒட்டியிருக்கு, நானே பாத்தேன். ட்ரீட் எப்போ?”

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்னக் கூடத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து கண்காட்சி வைத்திருந்தோம். விற்ற படத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு வட்டம் ஒட்டுவார்கள். ஓவியர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் தேடுவது அந்தச் சிவப்பைத்தான், படத்தை அல்ல. கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தோழி போனை வைப்பதற்குள் வாட்ஸப் குழுவில் செய்தி போய்விட்டது. கைகூப்பு, பூங்கொத்து, லட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. மந்தைவெளியில் ஆட்டோ ஏறியதும் ஓட்டுநரிடமே சொல்லிவிட்டேன். “என் படம் வித்துடுச்சுப்பா.”

“சூப்பர்க்கா. எந்த தேட்டர்ல ஓடிக்கினு கீது?” என்றார் அவர். விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு யார் என்ன சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன்.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாசலிலேயே இருந்தார். “யாருண்ணே வாங்கினாங்க?”

“எனக்கு இன்னா தெரியும் மேடம்? நான் ஒட்டல. வந்து பாத்தா ஒட்டிக்கினு கீது. நீங்கதான் யாருக்கோ குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

கிட்டே போனேன். பாண்டி பஜார் துணிக்கடையில் ஒரு பெண் பொம்மைக்குப் புடவை கட்டுகிற படம் அது. பக்கத்தில் சிவப்பு இருந்தது. மெத்தென்று வெல்வெட்டாக இருந்தது. அடிப்பாவி, என் நெற்றிப் பொட்டு! படம் மாட்டிய அன்று கரண்ட் இல்லை, வியர்த்துக் கொட்டியது. முகம் துடைக்கும்போது பொட்டை எடுத்துக் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவைக்கிற பழக்கம் எனக்கு. வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முழுக்க என் பொட்டுகள்தான். இதைச் சுவரில் ஒட்டியவள் மறந்தே போயிருக்கிறேன்.

கைப்பையில் போன் டிங் டிங்கென்று வாழ்த்திக்கொண்டே இருந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். ஊரைக் கூட்டிச் சொன்னதை இனி எந்த வாயால் இல்லை என்பது?

அப்போது கைத்தறிப் புடவை கட்டிய ஓர் அம்மா என் அருகில் வந்து நின்றார். அண்ணன் தூரத்திலிருந்தே சொன்னார்: “தெனம் வந்து இதையே பாத்துனு நிக்கிறாங்க மேடம். வித்துப்போச்சும்மான்னு சொன்னாலும் கேக்கல.”

“இத வாங்குனவுக யாருன்னு தெரியுமா?” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். திருநெல்வேலிப் பேச்சு. “நாங்க தி.நகர்ல துணிக்கடை வச்சிருக்கோம். அந்தப் பிள்ள பல்லுல ஊக்கக் கடிச்சுக்கிட்டே கொசுவம் வைக்குதுல்லா, அது அப்படியே எங்க அத்தை. வாங்குனவுகட்ட எனக்குத் தருவாகளான்னு கேட்டுப் பாக்கேன்.”

சுவரிலிருந்து பொட்டைப் பிய்த்து, காலை அவசரத்தில் பொட்டு வைக்காமலே வந்திருந்த என் நெற்றியில் ஒட்டினேன். பசை போயிருந்தது, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“எடுத்துக்கோங்கம்மா. இது இன்னும் விக்கல.”

அவர் சுவரைப் பார்த்தார். என் நெற்றியையும் விரலையும் பார்த்தார்.

“அது சரி, நீங்க யாரும்மா?” என்றார்.