கூ குடுத்தது யாரு

பேய் பிசாசுன்னாலே எனக்குக் கடுப்பு தம்பி. எங்க தெருவுல ஒருத்தி வெள்ளிக்கெழம தவறாம சாமி ஆடுவா, சுடச்சுட இட்லியக் குடுத்தா ஆட்டம் நின்னுரும், அதப் பாத்துச் சிரிச்சே வளந்தவ நான். அதனால நீ சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சிரு. பாதியில சிரிச்சேன்னு வையி, எந்திரிச்சுப் போயிக்கிட்டே இருப்பேன்.

மதுரையில இருந்து போடிக்கு மோட்டார் பஸ்ஸு விட்ட புதுசு அது. எங்க வீட்டுக்காரருக்கு மதுரை ஏலக்கா மண்டியில சோலி. தெனமும் சாக்கையே மோந்து மோந்து, இது வெளையிற மலைய ஒரு நாளாச்சும் பாத்துரணும்னு அவருக்கு ஆசை. என் தங்கச்சி செல்லத்துக்கு தை மாசம் கல்யாணம் வச்சிருந்துச்சு. "கல்யாணம் ஆயிட்டா என்னய யாருக்கா வெளிய விடுவா, நானும் வர்றேன்"னு ஒத்தக்கால்ல நின்னா. சரி, வந்து தொலைன்னு கூட்டிட்டுப் போனேன். போடியில தங்கி, விடிய மலையேறி, பொழுது சாயிறதுக்குள்ள எறங்கிறணும்னு ஏற்பாடு.

மாயாண்டி அண்ணேன்னு ஒருத்தரு தொணைக்கு வந்தாரு, மலையில இருந்து ஏலக்கா மூட்டைய தலைச்சுமையா எறக்குறவரு. அடிவாரத்துலயே எங்கள வரிசையா நிப்பாட்டிட்டாரு. "மேகம் எறங்குனா முன்னால போறவன் முதுகு கூடத் தெரியாது தாயி. நான் முன்னால போயிக்கிட்டே கூன்னு சத்தம் குடுப்பேன். கடைசியா வர்ற ஆளு மட்டும் திருப்பி கூ குடுக்கணும், நடுவுல உள்ளவுக வாயத் தெறக்கப்படாது. கடைசி ஆளு சத்தம் வந்துட்டா எல்லாரும் வாராகன்னு அர்த்தம், நான் பாட்டுக்கு நடப்பேன்."

சுமைக்காரவுக எல்லாருக்கும் இதே பழக்கந்தானாம். அந்தக் கடைசி ஆளுக்கு வாலுன்னு பேரு, நல்லாப் பழகுன ஆளத்தான் வாலுக்கு விடுவாகளாம். எங்க செல்லம் கேட்டாளா? "அண்ணே, நாந்தான் வாலு, என் குரலு நாலு தெருவுக்குக் கேக்கும்"னு குதிச்சா. அவரும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாரு. படுபாவி மனுசன், அங்கதான் எல்லாம் பெசகிப் போச்சு.

ஏறும்போது ஒண்ணுமில்ல. தோட்டத்துல கஞ்சி குடிச்சோம், பச்ச ஏலக்காயப் பிச்சு மென்னோம், கீழ சிலமலை ஊருப் பக்கத்து வயக்காடெல்லாம் தெரிஞ்சுச்சு. உச்சிப் பொழுது சாஞ்சதும் எறங்குனோம். அண்ணே முன்னால, அடுத்து என் வீட்டுக்காரரு, அடுத்து நான், எனக்குப் பின்னால செல்லம். தோட்டத்தத் தாண்டி மொத வளைவுக்கு வந்தோமோ இல்லையோ, மேகம் எறங்கிருச்சு. ஆத்தாடி, வெள்ளத் துணிய மூஞ்சில போத்துன மாதிரி ஒண்ணுமே தெரியல. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், திரும்பிப் பாத்தா காலு நழுவிரும்னு அண்ணே கண்டிச்சுச் சொல்லியிருந்தாரு. நான் தரையப் பாத்துக்கிட்டே நடந்தேன்.

கூன்னு முன்னால போகும், கூன்னு பின்னால இருந்து வரும். ஒரு தடவ கூ குடுத்துட்டு இருமுனா. இன்னொரு தடவ கடைசியில இழுத்துப் பாட்டு மாதிரி விட்டா, அது அவளுக்கே உள்ள குறும்பு. வெளாட்டுக் கழுதைன்னு நானும் வஞ்சேன்.

அடிவாரத்துல மேகம் வெலகி மஞ்ச வெயிலு அடிச்சுச்சு. அண்ணே கடைசியா ஒரு கூ குடுத்தாரு. என் முதுகுக்குப் பின்னாலயே பதிலு வந்துச்சு. வந்தாச்சுடி ஆத்தான்னு சிரிச்சுக்கிட்டே திரும்புறேன், பாதை வெறிச்சுன்னு கெடக்கு.

நம்புனா நம்பு, நம்பாட்டிப் போ.

மொதல்ல ஒளிஞ்சு வெளாடுறான்னு சத்தம் போட்டோம். அப்புறம் மாயாண்டி அண்ணே மூஞ்சியப் பாத்தேன், ரத்தமே இல்ல. ஆளுகளச் சேத்துக்கிட்டுப் பந்தம் கொளுத்தி ஏறுனாக. விடிஞ்சுதான் அவளத் தூக்கிட்டு வந்தாக. எங்க கெடந்தா தெரியுமா? மலை மேலயே, தோட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, அந்த மொத வளைவுல. மேகம் எறங்குனதுமே சறுக்கி, ரெண்டு பாறைக்கு நடுவுல காலு சிக்கி முறிஞ்சு கெடந்திருக்கா. ராத்திரி பூரா மழை, உடம்பெல்லாம் அட்டை. கத்திக் கத்தித் தொண்டையில சத்தமே இல்ல.

காலு அழுகிப் போயி முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாக. மாப்பிள்ளை வீட்டாளுக ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்து, போர்வையத் தூக்கிப் பாத்துட்டுப் போனவுக போனவுகதான். அதே தை மாசம் அவனுக்கு வேற பொண்ணு. மேளச் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு, இவ செவத்தப் பாத்துப் படுத்திருந்தா.

பேச்சு திரும்புனதும் அவ மொதல்ல கேட்டதே என்னயத்தான். "ஏன்க்கா எனக்குப் பதிலா நீ கூ குடுத்தே?"

"நான் எங்கடி குடுத்தேன்?"

"அண்ணே சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள முன்னால இருந்து என் குரல்ல கூ வந்துச்சு. நான் கத்தக் கத்த அத அமுக்கிக்கிட்டு வந்துச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே குரலுதான? எனக்கு முன்னால நீதான போனே? என்னய விட்டுட்டுப் போக உனக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?"

சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுனேன். இவ வாயே தெறக்கலன்னு என் வீட்டுக்காரரும் சொன்னாரு. "மாமா உன் பக்கம்தான பேசுவாக"ன்னுட்டா. படிச்சவுக எல்லாம் அது எதிரொலிம்மான்னாக. எதிரொலி இருமுமா தம்பி? அவ ரொம்ப வருசம் எங்க வீட்டுலதான் கெடந்தா. சாகுற வரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல.

தண்ணின்னதும் ஒண்ணு சொல்றேன், இத அவகிட்டகூட நான் சொன்னதில்ல. பாதி எறக்கத்துல தாகமா இருந்துச்சு. தோள்ல தொங்குன சொரக்குடுக்கையில ரெண்டு மொடக்கு குடிச்சிட்டு, "இந்தாடி"ன்னு திரும்பாமலே பின்னால நீட்டுனேன். வாங்குச்சு. மடக்கு மடக்குன்னு குடிக்கிற சத்தம் கேட்டுச்சு. குடுக்கை காலியாத் திரும்பி வந்துச்சு. குடுக்கும்போது அந்தக் கை என் வெரல்ல பட்டுச்சு. சில்லுன்னு இருந்திருந்தா பேயின்னு சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். சூடா இருந்துச்சு தம்பி, வேர்த்துப் போயி, நம்ம கை மாதிரியே.