படகு இல்லாத ஞாயிற்றுக்கிழமை

முதலில் அதைக் கவனித்தது சேலத்துக்காரிதான். கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஏய், வந்து பாருங்கடி! ஒரு போட்டுகூட இல்ல. மொத்த ஏரியும் நமக்குத்தான்" என்று கத்தினாள். கோயம்புத்தூர்க்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டே செல்போனை எடுத்து வீடியோ பிடிக்கப் போனாள். நான் படுத்தபடியே சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. ஒரு படகுகூட இல்லையா?

எழுந்து வெளியே வந்து பார்த்தேன். உண்மைதான். நல்ல வெயில், சொல்லிக்கொள்ளும்படி காற்றுகூட இல்லை. மேற்கே வெகு தூரத்தில் வேறு ஊர்க்காரர்களின் படகுகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. எங்கள் குப்பத்தின் பக்கம் மட்டும் தண்ணீர் வெறிச்சோடிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் நல்ல விலைக்குப் போகிற நாள். அன்றைக்கு எங்கள் ஊரில் எவனும் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க மாட்டான். திருவிழா கிடையாது, புயல் எச்சரிக்கை கிடையாது, ஊர்க்கூட்டம் என்றால் முதல் நாளே தெரிந்திருக்கும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு காரணம்தான். ஊரில் சாவு விழுந்திருக்கிறது.

எங்கள் குப்பத்தில் யார் செத்தாலும், பொழுது சாய்ந்து பிணத்தை எடுக்கிறவரை ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. ஏழை, பணக்காரன், ஊரோடு சண்டை போட்டவன் என்ற பேதமெல்லாம் இதில் இல்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. செத்தவரின் ரத்த சொந்தம் யாராவது அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தால், கூட்டிவர ஒரு படகை விடுவார்கள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அந்த அக்கரையில் நானே நிற்பேன் என்று நினைத்ததில்லை.

நாங்கள் மூன்று பேரும் சென்னையில் ஒரே ஆபீஸ், ஒரே அறை. லீவு கிடைத்தால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். மலை, அருவி, காடு எல்லாம் போய்வந்த பிறகு, "உங்க ஊர்லயே தீவு இருக்காமே, சொல்லவே இல்ல?" என்று சேலத்துக்காரி பிடித்துக்கொண்டாள். தீவு என்று அவள் சொன்னது எங்கள் உப்பு ஏரிக்கு நடுவே இருக்கும் ஒரு மணல் திட்டு. நாலு முள்மரம், நிறைய நண்டு வளை, குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. மீன் வாடையிலிருந்து தப்பிக்கவே நான் படித்தேன். இவளுக்கு அது சுற்றுலா! எரிச்சலாக வந்தாலும், என் ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறார்களே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நைனாவுக்குத்தான் பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்திருந்தார். படகில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் எல்லாரிடமும் சிடுசிடுத்துக்கொண்டிருந்தார்.

"மூணு பொம்பளப் புள்ளைங்க தனியா திட்டுல தங்கறதா? இன்னா வெளையாட்டா இது?" என்று கத்தினார்.

மாமாதான் எங்களுக்காகப் பேசினார். மாமா என்றால் சொந்தமில்லை. நைனாவும் அவரும் சேர்ந்து வாங்கிய நீலப் படகு ஒன்று உண்டு. நைனா படுத்த பிறகு அவர் ஒருவராகவே அதை ஓட்டிக்கொண்டிருந்தார். தேக்கு மாதிரி உடம்பு. "நீ ஏன்யா பதர்ற? நானே கொண்டும்போய் வுடறேன், காலைல நானே இட்டாறேன். எம்மேல நம்பிக்க இல்லியா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மாமாதான் எங்களைக் கொண்டுபோய் விட்டார். நின்றுகொண்டேதான் எஞ்சின் பிடிப்பார் அவர். உட்கார்ந்து படகு ஓட்டி நான் பார்த்ததே இல்லை. நைனா நேர் எதிர், உட்கார்ந்தால் கரை வருகிறவரை அசைய மாட்டார். சேலத்துக்காரி போட்டோ எடுக்க, மாமா மீசையை முறுக்கிக்கொண்டு போஸ் கொடுத்தார். திட்டில் எங்களை இறக்கிவிட்டு, "இங்க செல்லு எடுக்காது. பயந்துக்காதீங்க. காலைல ஃபிளாஸ்க்ல சூடா டீ வாங்கியாறேன், பல்லு வெளக்கிட்டு ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது காலை ஏறிக்கொண்டே போனது. டீயும் வரவில்லை, மாமாவும் வரவில்லை.

நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளப் பயம். ஊரில் வயதானவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் என்று ஒவ்வொரு வீடாக மனசில் ஏறி இறங்கினேன். கோயில் தெருக் கிழவரா? வலை பின்னும் ஆயாவா? யாராவது ஒருவராக இருக்கட்டும் என்று வேண்டினேன். இன்னொருவர் வீட்டில் சாவு விழ வேண்டும் என்று வேண்டுகிறேனே என்ற கூச்சம்கூட அப்போது இல்லை. எந்தத் தெருவில் தொடங்கினாலும் கடைசியில் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நின்றேன். முந்தைய நாள் கிளம்பும்போது நைனா நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றது திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் தண்ணீர் கேன் காலியாகிவிட்டது. ஒரு ராத்திரிக்குத்தானே என்று ஒரே ஒரு கேன்தான் கொண்டு வந்திருந்தோம். அதிலும் பாதியில் அரிசி களைந்து, பாத்திரம் கழுவி, ஏதோ குழாயடியில் இருக்கிற மாதிரி செலவழித்திருந்தோம். கோயம்புத்தூர்க்காரிக்குக் காலையிலிருந்தே வயிறு சரியில்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்தவள், அப்புறம் எடுக்க ஒன்றுமில்லாமல் முள்மரத்து நிழலில் சுருண்டு படுத்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"உங்க மாமா நல்லா போஸ் மட்டும் குடுப்பாரு" என்று ஆரம்பித்தாள் சேலத்துக்காரி. "பொறுப்பே இல்லாத மனுஷன். எங்கயாவது குடிச்சிட்டு விழுந்து கெடப்பாரு. நம்மள மறந்தே போயிருப்பாரு."

"வாய மூடு."

"ஏன் மூடணும்? அவ கெடக்கறத பாரு!"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. ஊர் வழக்கத்தையும், விலக்கையும், நைனாவையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. மெதுவாக, "அப்ப... இன்னிக்கு போட் வரவே வராதா?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் எடுத்தப்புறம் வரும். அதுக்கு முன்னாடி வந்தா, எனக்காக வருதுன்னு அர்த்தம். எங்க நைனாவுக்காக."

அதன்பிறகு அவள் மாமாவைத் திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கண் மட்டும் கரையை விட்டு நகரவில்லை. எனக்குத் தெரியக்கூடாது என்று வேறு பக்கம் பார்ப்பதுபோல் திரும்பி, மறுபடியும் கரையையே பார்த்தாள். படகு வராதா என்று அவள் ஏங்குவது அந்தக் கழுத்து திரும்புவதிலேயே தெரிந்தது. அந்த நிமிடம் அவளை எனக்குப் பிடிக்கவேயில்லை. கையை உருவிக்கொண்டேன்.

வெயில் சாய ஆரம்பித்தபோது கோயம்புத்தூர்க்காரி கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. "ம்" என்று மட்டும் முனகினாள். சேலத்துக்காரி துப்பட்டாவை ஏரியில் நனைத்து அவள் நெற்றியில் போட்டாள். பிறகு சட்டென்று எழுந்து பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"எங்க போற?"

"நடந்து போறேன். முட்டி ஆழம்தான தெரியுது."

"இங்க முட்டி ஆழம். நடுவுல படகு போற ஓடை இருக்கு, ஆள முழுங்கிரும். சேத்துல கால் மாட்டினா எடுக்கவே முடியாது. ஏறுடி மேல!"

அவள் கேட்கவில்லை. நான் பின்னாலேயே ஓடி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் திமிற, இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தோம். உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே அவள் அழுதாள்.

"உனக்கு போட் வரக்கூடாது. அவளுக்கு போட் வரணும். நான் எத வேண்டிக்கறது, நீயே சொல்லு?"

இரண்டு பேரும் ஈரத்தோடு கரையேறி, கோயம்புத்தூர்க்காரிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

எஞ்சின் சத்தம் முதலில் எனக்குத்தான் கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். கேட்காத மாதிரி இருந்தேன். வேறு ஊர்ப் படகாக இருக்கும் என்று மணலைக் கிளறிக்கொண்டு குனிந்தே இருந்தேன். சத்தம் நெருங்கியது. சேலத்துக்காரி எழுந்து நின்றாள், ஆனால் கையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

சூரியன் இன்னும் விழவில்லை. எடுத்திருக்க மாட்டார்கள். அப்படியென்றால் எனக்காகத்தான் வருகிறது.

நிமிர்ந்து பார்த்தேன். நீலப் படகு. எங்கள் படகு. ஒரே ஓர் ஆள். வெயில் எதிரே அடித்ததால் முகம் தெரியவில்லை. மாமாதான் வருகிறார், வந்து என் தலையில் கை வைத்து அந்த வார்த்தையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஓடி ஒளிய வேண்டும் போல இருந்தது. அந்தத் திட்டில் ஒளிய எங்கே இடம்?

அப்புறம்தான் பார்த்தேன். எஞ்சின் பிடித்திருந்த ஆள் உட்கார்ந்திருந்தார்.

"நைனா!"

எப்படித் தண்ணீரில் இறங்கினேன் என்று தெரியாது. முட்டியளவு தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடினேன். சிரித்தேனா அழுதேனா என்றும் தெரியாது. இரண்டும்தான். படகின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அவர் முழங்காலை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. உயிரோடு இருந்தார்.

"டாக்டர் படகுல ஏறக்கூடாதுன்னு சொல்லலியா உனக்கு?" என்று சந்தோஷத்தில் அவரைத் திட்டினேன். "மாமா எங்க? டீ கொண்டாறேன்னு சொல்லிட்டு ஆளையே காணோம்!"

நைனா எஞ்சினை அணைத்தார். அவர் கண் இரண்டும் வீங்கியிருந்தன. என் தலையில் கை வைத்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு முழுவதும் ஊரில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்தவள், மாமா வீட்டை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருந்தேன். அவருக்கு ஏதாவது ஆகும் என்று யார் நினைப்பார்கள்?

கோயம்புத்தூர்க்காரியைத் தூக்கிப் படகில் படுக்க வைத்தோம். நைனா கொண்டுவந்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாயில் விட்டாள் சேலத்துக்காரி. படகு திரும்பிய பிறகுதான் நைனா பேசினார்.

"விடிகாலைல வந்தான். படகத் தள்றதுக்கு முன்ன, மாரு வலிக்குதுன்னு மணல்ல உக்காந்தான். அவ்ளோதான். எனக்கு வர வேண்டியது அவனுக்கு வந்துட்டுது."

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"மத்தியானமே உங்கள இட்டாறேன்னு கேட்டேன். ஊர்ல வுடல. ரத்த சொந்தத்துக்குத்தான் படகு எறங்கும்னாங்க. நானும் சண்ட போட்டுப் பாத்தேன். அப்புறம் அவன் பொண்டாட்டி, உங்க அத்தையே எழுந்து வந்தா. அவரு எறக்கி வுட்ட பொண்ணுங்க இன்னும் தண்ணிக்கு நடுவுல இருக்குதுங்க, அதுங்க கர ஏறாம அவர யாரும் தொடக்கூடாதுன்னுட்டா. அதுக்கு மேல எவனும் பேசல."

சேலத்துக்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நைனாவின் காலருகே உட்கார்ந்து அவர் லுங்கி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்காக அழுதேன். நைனா இருக்கிறார் என்ற நிம்மதியும் அந்த அழுகைக்குள்ளேயே இருந்தது. அதைத் தனியாகப் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

படகின் அணியத்தில், முன்பக்கம், கயிற்றுச் சுருளுக்கு நடுவே ஏதோ உருண்டுகொண்டிருந்தது. எவர்சில்வர் ஃபிளாஸ்க். அதன் கழுத்தில் பிளாஸ்டிக் பையோடு மூன்று காகிதக் கப்புகள் கட்டப்பட்டிருந்தன.

"அவன் வெச்சதுதான். காலைல இருந்து யாரும் படகுக்குள்ள ஏறல" என்றார் நைனா. "குடிங்கம்மா. உங்களுக்குன்னுதான் வாங்கியாந்தான்."

நான்தான் ஊற்றினேன். வெதுவெதுப்பு கூட இல்லை, ஆடை படிந்திருந்தது, தித்திப்பு தூக்கலாக இருந்தது. சேலத்துக்காரி கப்பை வாயருகே கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். கோயம்புத்தூர்க்காரிக்கு நான் இரண்டு வாய் கொடுத்தேன்.

கரை நெருங்கியபோது ஊரே மணலில் நின்றிருந்தது. பந்தல் தெரிந்தது, பாடை தயாராக இருந்தது, மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவிரி கோலமாக அத்தை தண்ணீர் ஓரம்வரை வந்தார். எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எண்ணுகிற மாதிரி இருந்தது.

"வந்துட்டாங்க" என்று திரும்பிப் பந்தலைப் பார்த்துச் சொன்னார். எங்களிடம் இல்லை, ஊரிடமும் இல்லை. அவரிடம்தான் சொன்னார்.

யாரோ எங்கள் முதுகுப்பைகளை வாங்கிக்கொண்டார்கள். மூன்று பேரும் மணலில் கால் வைத்தோம். அதன் பிறகுதான் மேளத்தை எடுத்தார்கள்.